பழைய துப்பாக்கியைப் பார்சலில் அனுப்பிய அனுபவம்

டர்பனிலிருந்து:

மாமா வீட்டுச் சுவரில் தொங்கிய 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. குழலின் வாய்வழியாகக் கருமருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கும் ரகம். நீளம் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர், எடை நான்கு கிலோவுக்கு மேல்.

பெட்டியும் டேப்பும் அப்புறம். முதலில் குழல் காலிதானா என்று பாருங்கள். பழைய கேப்பு (அடிபட்டதும் பொறி தரும் சின்ன உலோகத் தொப்பி), குழலின் அடியில் அதை மாட்டும் முளையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழல் வாய்க்கு நேரே முகமோ கையோ வராமல் பக்கவாட்டில் நின்று, மெல்லிய மரக்குச்சி ஒன்றை அடிவரை மெதுவாக இறக்குங்கள். வாயருகே பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுங்கள். அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக இருக்கும்படி குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் ஒட்டிப் பிடியுங்கள். நுனி கேப்பு மாட்டும் முளைவரை வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றால் ஏதோ இருக்கிறது என்று பொருள்; அதற்குமேல் நோண்டக் கூடாது.

எங்களுடையது முன்னாலேயே நின்றது. துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் உள்ளே இருந்த ஈயக் குண்டையும் இறுகிப்போன கருமருந்தையும் எடுத்துக் கொடுத்தார். ஈரம் படாத கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் பற்றிக்கொள்ளுமாம். அத்தை இத்தனை காலமும் அதன் அடியில்தான் விளக்கேற்றி வந்தார்!

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அண்ணா சொன்னது முக்கியம். ஆனால் பெரும்பாலான துப்பாக்கிகள் வழியில் சாவது வேறு இடத்தில்: கட்டையின் கழுத்தில், அதாவது விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒடுங்கிய பகுதியில். பெட்டிக்குள் ஒரு விரல் அளவு ஆட்டம் இருந்தால் போதும், பெட்டி விழும்போது குழலின் கனம் கழுத்தை ஒடித்துவிடும். எனக்கு வந்த ஒன்று அப்படித்தான் இரண்டு துண்டாக வந்தது. விற்றவர் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார்; பாதி வழியிலேயே தாள் அமுங்கிப்போயிருக்கும்.

ஒட்டுப்பலகையில் பெட்டி செய்யுங்கள். அடிக்கட்டைக்கும் குழலுக்கும் கெட்டியான ஃபோமில் தொட்டில் வெட்டி, கனத்தை அவை தாங்கட்டும். கழுத்தில் எதுவும் அழுத்த வேண்டாம். குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியை, இறக்கி, அதற்கும் முளைக்கும் நடுவே தோல் துண்டு வையுங்கள். மருந்து கெட்டிக்கும் கோலைத் தனியே சுற்றிக் கட்டுங்கள், இல்லையென்றால் அது வழுக்கிக்கொண்டு பெட்டியைக் குத்தும். குழலைக் கழற்றினால் பெட்டி சிறிதாகும் என்று ஆசைப்பட்டு வளையங்களையும் திருகாணிகளையும் கழற்றாதீர்கள், பழைய மரம் பிளக்கும்.

குமிழ்த்தாளை உலோகத்தோடு ஒட்டிச் சுற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டர்பனின் கடற்காற்று அதற்குள் அடைபட்டுத் துருவாகும், குமிழின் தடமும் விழும். மெல்லிய எண்ணெய் பூசி, அமிலமில்லாத தாளில் சுற்றி, அதன்மேல் குமிழ்த்தாள். ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்ததும் அவசரமாகத் திறந்து வெயிலில் வைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அந்த மேட்டு நிலத்தின் வறட்சியில் மரம் சுருங்கும்.

லெனேசியாவிலிருந்து:

சட்டக் காகிதங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1900 ஜனவரி 1க்கு முன் செய்த வாய்வழித் துப்பாக்கியைத்தான் பழம்பொருளாகக் கொள்கிறது. அதே அச்சில் இப்போது செய்த நகலுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நான் உள்ளூர்க் காவல் நிலையத்தில் துப்பாக்கிகளுக்கென உள்ள அதிகாரியைக் கேட்டுவிட்டுத்தான் பார்சல் கம்பெனிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் துப்பாக்கி என்றதும் பின்வாங்கினார். பொருளை மறைத்து எழுதாமல், படங்களையும் காகிதத்தையும் மேலாளரிடம் காட்டிய பிறகே எடுத்துக்கொண்டார்கள். நாட்டுக்கு வெளியே அனுப்புகிறவர்கள் 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராணுவப் பழம்பொருளுக்கு ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம்.

ஒரு சந்தேகம்: துப்பாக்கியோடு கூடவே இருக்கும், கருமருந்து வைக்கும் கொம்பையும் கேப்பு டப்பியையும் அதே பெட்டியில் வைக்கலாமா?

டர்பனிலிருந்து:

காலிக் கொம்பு என்றால் சரி. மருந்தோ கேப்போ ஒரு துளி இருந்தாலும் அது வெடிபொருள், தபாலில் போகக் கூடாது. பெரியவர் எங்கள் கொம்பைக் கவிழ்த்துத் தட்டியபோதுகூடக் கொஞ்சம் கொட்டியது.