மருந்துக்கு மசியாத மூளைக்காய்ச்சல்: நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

ஐசியூ டாக்டர், மதுரை
உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர். காதில் சீழ், கழுத்து விறைப்பு, உளறல். ஆன்டிபயாடிக்குகளில் செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணிக்கொரு தடவை, வான்கோமைசின், 50 தாண்டியவர் என்பதால் லிஸ்டீரியா கிருமிக்கு ஆம்பிசிலின், முதல் டோஸோடு டெக்ஸாமெத்தசோன் ஸ்டெராய்டு என்று வழக்கப்படி ஓடியது. கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) நியூமோகாக்கஸ் பாக்டீரியா. பெனிசிலின் எம்ஐசி (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) 2, செஃப்ட்ரியாக்சோன் 1. இரண்டுக்கும் நேரே 'எஸ்', அதாவது சென்சிடிவ், மருந்து கேட்கும். அந்த எழுத்தை நம்பி வான்கோமைசினை நிறுத்தப் பேனாவை எடுத்துவிட்டார் டியூட்டி டாக்டர். அந்த 'எஸ்' நுரையீரல் தொற்றுக்கான அளவுகோல். மூளைக்காய்ச்சல் என்றால் பெனிசிலின் 0.12-லேயே ரெசிஸ்டன்ட், செஃப்ட்ரியாக்சோன் 0.5 வரைதான் சென்சிடிவ். செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின் இரண்டும் தொடர வேண்டிய கேஸ் அது. எழுத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

மைக்ரோபயாலஜி லேப்
டாக்டர் சொல்வது சரி. ஆனால் ரெக்வெஸ்ட் ஃபாரத்தில் வெறும் 'ஃப்ளூயிட்' என்று எழுதினால் எந்த அளவுகோலைப் போடுவது? 'சிஎஸ்எஃப்' (மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்) என்று எழுதுங்கள். இன்னொன்று, மேலூர்ப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வந்த சாம்பிள். கிராம் ஸ்டெயினில் (சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில்) ஜோடி ஜோடியாக நீல உருண்டைக் கிருமிகள், கல்ச்சர் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. நியூமோகாக்கஸும் மெனிங்கோகாக்கஸும் குளிரில் செத்துப்போகும். எம்ஐசி கிடைக்காததால் எந்த மருந்தையும் குறைக்க வழியில்லாமல் போனது. சிஎஸ்எஃபை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

பொது மருத்துவம் பிஜி (மேற்படிப்பு) மாணவர்
முதல் கேஸில் ரிஃபாம்பிசின் 600 மி.கி. சேர்த்திருக்கலாமே? ஸ்டெராய்டு வீக்கத்தை வடிக்கும்போது வான்கோமைசின் சிஎஸ்எஃபுக்குள் நுழைவதும் குறையும். ரிஃபாம்பிசினுக்கு அந்தத் தடை இல்லை.

ஐசியூ டாக்டர், மதுரை
சேர்க்கலாம் தம்பி, கிருமி அதற்குக் கேட்கிறது என்று லேப் சொன்ன பிறகு. ரிஃபாம்பிசின் டிபி மருந்தும்கூட; டிபி மூளைக்காய்ச்சல் இவ்வளவு பார்க்கிற ஊரில் சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுச் சோதனை) அனுப்பாமல் அதைத் தொடாதீர்கள். டிபி பாதி அடங்கி, சோதனையில் பிடிபடாமல் ஒளிந்துகொள்ளும். தனியாக ஒருபோதும் கொடுக்காதீர்கள், சட்டென்று ரெசிஸ்டன்ஸ் வந்துவிடும். 48 மணி நேரத்தில் தேறாவிட்டால் எல்பி (முதுகில் ஊசி போட்டு சிஎஸ்எஃப் எடுப்பது) திரும்பப் போடுங்கள்.

நியூரோ சர்ஜரி வார்டு சிஸ்டர்
எங்க பக்கம் கதை வேற. தலை ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற அசினடோபாக்டர்ங்கற ஆஸ்பத்திரிக் கிருமி. மெரோபெனெம் 2 கிராம், 8 மணிக்கொரு தடவை, ஒவ்வொண்ணும் 3 மணி நேரம் ஓடணும். கூடவே கொலிஸ்டின்னு இன்னொரு ஆன்டிபயாடிக். நரம்பு வழியா போடுறது சிஎஸ்எஃப்புக்குள்ள கொஞ்சம்தான் போகுது, அதனால மூளை அறைக்குள்ள போட்ட குழாய் (வெண்ட்ரிக்கிள் டிரெய்ன்) வழியா தினம் 1,25,000 யூனிட். 10 லட்சம் யூனிட் வயலை பிரிசர்வேட்டிவ் இல்லாத 8 மி.லி. சலைன்ல கரைச்சா 1 மி.லி. சரியா ஒரு டோஸ். குலுக்கக் கூடாது, நுரை வந்து அளவு தப்பும்; மெதுவா உருட்டணும். ஒரு தடவை மருந்து போட்ட கையோட டிரெய்ன் கிளாம்பை யாரோ திறந்துட்டாங்க, மருந்து மொத்தமும் டிரெய்ன் பைக்குள்ள இறங்கிருச்சு. 15 நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம் வரை மூடி வெச்சு, தலைக்குள்ள பிரஷர் ஏறுதான்னு பக்கத்துலயே நின்னு பார்க்கணும்.

ஃபார்மசிஸ்ட், திருமங்கலம்
கேட்காமலே சொல்கிறேன், மன்னிக்கவும். கொலிஸ்டினை எப்போதும் யூனிட்டில் எழுதுங்கள். 10 லட்சம் யூனிட் என்பது உப்புக் கணக்கில் (வயலில் உள்ள உப்பு வடிவ எடை) 80 மி.கி., பேஸ் கணக்கில் (அதிலுள்ள கொலிஸ்டின் மட்டும்) சுமார் 33 மி.கி.; மி.கி. என்று எழுதினால் இரண்டு மடங்குக்கு மேல் தப்பும். கொலிஸ்டினுக்கு டிஸ்க் டெஸ்ட் (மருந்து வில்லையைக் கல்ச்சர் தட்டில் வைத்துப் பார்ப்பது) ரிப்போர்ட்டையும் ஏற்காதீர்கள், அந்த மூலக்கூறு தட்டிலுள்ள அகார் கூழில் சரியாகப் பரவாது. பிராத் மைக்ரோடைல்யூஷன் (திரவத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்து எம்ஐசி பார்ப்பது) கேளுங்கள். சிஸ்டர் சொன்ன மெரோபெனெமில் இன்னொரு கண்ணி உண்டு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தில் வலிப்பு அடங்கியிருந்த நோயாளிக்கு மெரோபெனெம் தொடங்கிய மறுநாளே வலிப்பு திரும்பியது, இரத்தத்தில் வால்ப்ரோயேட் அடிமட்டத்தில். டோஸை ஏற்றினாலும் எட்டாது. வலிப்பு மருந்தை லெவெட்டிராசிட்டத்துக்கு மாற்றிவிட்டு மெரோபெனெமைத் தொடங்குங்கள். மெரோபெனெமுக்குப் பதில் அதே வகை இமிபெனெம் வேண்டாம், அதுவே வலிப்பைத் தூண்டும்.