500 நானோமோலாருக்குக் கீழே வந்தால் டி செல் எழும்பிவிடுமா?

செட்ஸ்வர்த் அமுதா: புற்றுநோய்த் தடுப்பூசிக்குப் பெப்டைடு தேர்வது பற்றி வேலு அண்ணன் நேற்று எழுதியது: "நெட்எம்எச்சிபேனில் 500 நானோமோலாருக்குக் கீழே வந்த கட்டிப் பெப்டைடு எல்லாவற்றுக்கும் டி செல் கண்டிப்பாக எழும்பும்." (பெப்டைடு என்பது சிறு புரதத் துண்டு. செல்லின் மேல் அதைத் தாங்கி, நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லுக்குக் காட்டுவது எச்எல்ஏ புரதம். இரண்டும் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணிக்கும் மென்பொருள் நெட்எம்எச்சிபேன்; நானோமோலார் எண் குறையக் குறைய ஒட்டு வலுவானது.) கண்டிப்பாகவா? கட்டிப் பெப்டைடுகளை ஆராயும் டெஸ்லா என்ற ஆய்வுக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட சோதனையில் 608 பெப்டைடு. டி செல் கண்டுகொண்டது 37. நூற்றுக்கு ஆறு!

பீனிக்ஸ் வேலு: 500 என் கைச்சரக்கு இல்லை தங்கச்சி. 1994இலேயே ஹெபடைடிஸ் பி பெப்டைடுகளில் காட்டிய எல்லை. இத்தனை வருடமாக ஊரே அதில்தான் வடிகட்டுகிறது.

செட்ஸ்வர்த் அமுதா: அது வைரஸ் அண்ணா, முழு அந்நியன். கட்டிப் பெப்டைடில் ஒன்பது அமினோ அமிலம் இருந்தால் பெரும்பாலும் எட்டு நம் உடம்புடையதேதான். அதை அடையாளம் காணக்கூடிய டி செல்லை, அவை முதிரும் உறுப்பான தைமஸ் முன்பே களைந்திருக்கலாம். டெஸ்லா சொன்ன எல்லைகளில் மூன்று: பிணைப்பு 34 நானோமோலாருக்குக் கீழ், எச்எல்ஏயில் ஒட்டி நிற்பது 1.4 மணி நேரத்துக்கு மேல், மரபணு வெளிப்பாடு 33 டிபிஎம்முக்கு (ஆர்என்ஏ அளவின் அலகு) மேல். 34 எங்கே, 500 எங்கே!

டோங்காட் தம்பி: எழும்புவது என்றால் எலிஸ்பாட்டில் (எழும்பிய டி செல்லைப் புள்ளியாகக் காட்டும் சோதனை) புள்ளி விழுவதா, கட்டி கரைவதா?

பீனிக்ஸ் வேலு: அது பிறகு தம்பி. எம்ஆர்என்ஏ-4157 என்ற புற்றுநோய்த் தடுப்பூசி ஒரு நோயாளிக்கு 34 பெப்டைடு வரை ஏற்றுகிறது. மரபணு மாற்றம் குறைந்த கட்டியில் அமுதா சொல்கிறபடி வடித்தால் நாலுகூடத் தேறாது. 500 வைத்தால்தான் பட்டியல் நிரம்பும்.

செட்ஸ்வர்த் அமுதா: அந்த 34 பெப்டைடு எண்ணிக்கை, இந்த 34 நானோமோலார். இரண்டையும் குழப்பாதீர்கள். பட்டியலை நிரப்புவதா நம் வேலை? அதோடு 500 எல்லா எச்எல்ஏவுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. அதே எச்எல்ஏயில் மற்றப் பெப்டைடுகளோடு ஒப்பிடும் சதவீதத் தரவரிசை பாருங்கள்: 0.5க்குள் வலுவானது, 2க்குள் சுமார்.

ஸ்டாங்கர் லோகன்: எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும்; அதன் வகைப் பெயரை முதலில் ஒழுங்காகப் போடுங்கள். "பி*58" என்று நிறுத்தினால் 58:01ஆ 58:02ஆ? டர்பன் எச்ஐவி ஆய்வுகளில் முதலாவது வைரஸை அடக்கியது, இரண்டாவது உள்ளவர்களுக்கு நோய் முற்றியது. ஏ*02:01க்கு அளவீடு மலை மலையாகக் கிடக்கிறது. 58:02க்கு அவ்வளவு ஏது?

பீனிக்ஸ் வேலு: லோகனுக்குக் குறுக்கே வருவதே வழக்கம். போன மாத எலிஸ்பாட் பேச்சிலும் இதே கதைதான்.

ஸ்டாங்கர் லோகன்: அன்று பெப்டைடு போடாத கட்டுப்பாட்டுக் குழிக்கு வெறும் மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) போதும் என்றது யார்? பெப்டைடு கரைத்த அதே அளவு டிஎம்எஸ்ஓ கரைப்பான் அதிலும் வேண்டும். உறைசெல்லை உருக்கி ஒரு இரவு ஓய்வில் விட்டு, குழிக்கு இரண்டு லட்சம் செல் போட வேண்டும். உண்மைப் புள்ளி நடுவில் கருத்து, ஓரம் மங்கும். கசடுக்கு ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். கசடையும் சேர்த்து எண்ணினால் 500 என்ன, 5000மும் எழும்பும்.

பீனிக்ஸ் வேலு: எலிஸ்பாட் எனக்குப் பாடம் வேண்டாம். 500ஐ விடமாட்டேன்.

செட்ஸ்வர்த் அமுதா: விடவேண்டாம். அதே பெப்டைடின் மாறாத வடிவத்துக்கு என்ன எண் என்று போடுங்கள். எச்எல்ஏயில் ஒட்டும் இரண்டாம் இடத்திலோ கடைசி இடத்திலோ மாற்றம் விழுந்து, மாறியது 40, மாறாதது 9000 என்றால் உடம்பு அதை இதுவரை பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. மாறாததும் 45 என்றால், மாறிய அமிலம் டி செல்லுக்கு முகம் காட்டும் நடு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் போட்ட பட்டியலில் அந்தப் பத்தியே இல்லை.

பீனிக்ஸ் வேலு: அது இரட்டை வேலை. 500 போதும்.

செட்ஸ்வர்த் அமுதா: இரண்டையும் அமில வரிசை எழுதும் ஒரே ஃபாஸ்டா கோப்பில் வைத்தால் ஒரே ஓட்டம். எது இரட்டை வேலை?