இரும்பு மாத்திரை போட்டால் வயிறு கலங்குகிறது, போடாவிட்டால் ரத்தம் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

கரூர்த்தறி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது, ஏற்றுமதி ஜவுளிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) தொந்தரவு கல்லூரி நாளிலிருந்தே உண்டு. எது ஒத்துக்கொள்ளும், எது கொள்ளாது என்பதெல்லாம் இப்போது மனப்பாடம். பூண்டும் வெங்காயமும் கூடினால் உப்புசம். கொண்டைக்கடலை என்றால் அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. இட்லி, ரசம் சாதம், முட்டை, மீன் எல்லாம் சமத்தாக இறங்கும்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.7, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் 6. டாக்டர் ஃபெரஸ் அஸ்கார்பேட் 100 மி.கி. மாத்திரையைக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு பஸ் ஏறினால் சுங்ககேட் வருவதற்குள் அடிவயிறு பிசைய ஆரம்பித்துவிடும். ஒரு நாள் போகவே போகாது, மறுநாள் ஓட்டமோ ஓட்டம். எங்கள் செக்‌ஷன் பெண்களுக்கு ஒரே கழிப்பறைதான், அதுவும் குடோனைத் தாண்டிப் போகணும். மாதக் கடைசியில் பில்லெல்லாம் மேசையில் குவிந்து கிடக்க, நான் குடோன் பக்கம் நடையாய் நடந்தால் நன்றாகவா இருக்கும்? மாத்திரை இப்போது அலமாரியில் இருக்கிறது.

மாமியார் பாசமாகத் தேனில் ஊறிய பேரீச்சம்பழமும், பூண்டு தட்டிப் போட்ட முருங்கைக்கீரை சூப்பும் தருகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், மாத்திரையே தேவலை.

சாப்பாட்டிலேயே ஏற்றிவிட முடியுமா? வேறு மாத்திரை ஏதாவது சாதுவாக இருக்குமா? அசைவம் சாப்பிடுவேன். டீ ஒரு நாளைக்கு மூணு, அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

செம்பருத்தி:

மாதுளை ஜூஸ், பீட்ரூட் ஜூஸ் மாற்றி மாற்றிக் குடிங்க சிஸ்டர். ரத்தம் சும்மா ஜிவ்வென்று ஏறும். இயற்கையே மருந்து 🙏

கவுன்டர்_அந்தப்பக்கம்:

அம்மா, அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் போய்ப் பேசுங்கள், நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

முதலில் அந்த ஜூஸ். 100 கிராம் மாதுளையில் இரும்பு 0.3 மி.கி. பீட்ரூட்டில் 0.8. பேரீச்சையிலும் 1 மி.கி. பக்கம்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்றால் குங்குமத்தைக் கரைத்துக் குடிக்கலாம். போதாததற்குப் பேரீச்சை, தேன், பூண்டு மூன்றுமே ஐபிஎஸ் வயிற்றுக்கு ஆகாதவை. மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஃபாட்மேப் பட்டியலில் 'தவிர்க்க' என்ற பக்கத்தில் இருப்பவை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகிற சர்க்கரை வகைகள் அவற்றில் அதிகம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஃபெரிட்டின் 6 என்றால் கையிருப்பு காலி என்று அர்த்தம். அதைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்புவது ரொம்பக் கஷ்டம். சாப்பாடு, ஏறினதை இறங்காமல் பார்த்துக்கொள்ளும். ஏற்றுவதற்கு மருந்து வேண்டும்.

இனி மாத்திரை. ஒரு வேளைக்கு 100 மி.கி. இரும்பு போனால் அதில் சிறு பங்குதான் உடம்புக்குள் போகும். மிச்சமெல்லாம் குடலோடு கீழே இறங்குகிறது. உங்களைப் பிசைவது அந்த மிச்சம்தான். இன்னொன்றும் உண்டு. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும், அது 'போதும்' என்று குடலின் கதவைச் சாத்திவிடும். அது இறங்க ஒரு நாள் ஆகும். அதற்குள் ராத்திரி மாத்திரை போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். இரும்புக் கையிருப்பு குறைந்த பெண்களை வைத்து சூரிச்சில் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. தினமும் போடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே வேளையாகப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்றார்கள். மொத்த அளவு குறையும் என்பதால் ரத்தம் கொஞ்சம் மெதுவாக ஏறும்தான். ஆனால் அலமாரியில் இருக்கிற மாத்திரை சுத்தமாக ஏற்றாதே. டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வேளை மட்டும் போடலாமா? 100க்குப் பதில் 50, 60 மி.கி. வகை தருவீர்களா?"

வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சும், உண்மை. உங்களுக்கு அது முடியாது என்றால் மதியச் சாப்பாட்டோடு போடுங்கள், கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வயிற்றைப் புண்ணாக்காது என்று மேல்பூச்சு போட்ட மாத்திரை விற்பார்கள், அதற்கு ஆசைப்படாதீர்கள். இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. பூச்சு கரைவதற்குள் மாத்திரை அதைத் தாண்டிவிடும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் அடித்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

டீயைக் குறைக்கச் சொல்லவில்லை, தள்ளி வைக்கச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டின் இரும்பில் பாதிக்கு மேல் வீணாகும். 11 மணி டீயும் 4 மணி டீயும் உங்களுக்கே.

கடைசியாக ஒன்று. ஏன் குறைந்தது என்று யாராவது கேட்டார்களா? மாதவிலக்கு அதிகமா? நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் தினமும் போடுகிறீர்களா? அதுவும் இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும்.

கோதுமை_விலக்கு:

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கும் பல வருஷம் ஐபிஎஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டும் ஹீமோகுளோபின் 9ஐத் தாண்டவில்லை. ஒரு டாக்டர் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை எழுதினார், அப்புறம் எண்டோஸ்கோபி, சீலியாக் நோய். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சிறுகுடல் சுவரைத் தேய்த்துவிடுகிறது, இரும்பு உறிஞ்சுகிற இடமே அதுதான். நம் பக்கம் இது அரிது, வடக்கேதான் அதிகம். அதனாலேயே இங்கே யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. வயிற்றுத் தொந்தரவும் ரத்தக் குறைவும் சேர்ந்தே இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முக்கியமான விஷயம்: பரிசோதனைக்கு முன்னால் சப்பாத்தி, பரோட்டாவை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டும்.

கரூர்த்தறி:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. மாதவிலக்கு அதிகம்தான், அஞ்சாறு நாள் போகும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்து டாக்டரிடம் சொல்லவே இல்லை. பான்டோபிரசோலும் பையிலேயே இருக்கிறது. கோதுமை அண்ணா, அந்தப் பரிசோதனைப் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

இன்னொரு சந்தேகம். கறிக்கடையில் சுவரொட்டி வாங்கிக் கொடு என்று எங்கள் அப்பாயி சொல்லும். அதில் நிஜமாகவே இரும்பு இருக்கிறதா, இல்லை அதுவும் மாதுளைக் கேஸா? பூண்டு வெங்காயம் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

மேலமாசிவீதி:

அப்பாயி சொன்னது சரி தங்கச்சி. சுவரொட்டி என்பது ஆட்டு மண்ணீரல். செம்மறி ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மி.கி. அளவுக்கு இரும்பு இருக்கிறது, ஈரலில் 7 சொச்சம். கறியில் இருக்கிற இரும்பில் ஒரு பங்கு ரத்தத்தோடு சேர்ந்த வகை, அது கீரை இரும்பைவிட லேசாக உள்ளே போகும். டீயும் அதை அவ்வளவாகத் தடுக்காது.

காலையிலேயே போய்க் கேளுங்க, ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான், சீக்கிரம் தீர்ந்துபோகும். கழுவி, மேலே ஒட்டியிருக்கிற கொழுப்பை எடுத்துவிட்டு, தோலோடு கத்தியால் நாலு கீறல் போடுங்க. தோசைக்கல்லில் நல்லெண்ணெய் ஊற்றி ரெண்டு பல் பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, பூண்டைத் தூக்கிப் போட்டுடுங்க. வாசனை எண்ணெயில் இறங்கிடும், வயிற்றைக் கெடுக்கிற சமாச்சாரம் எண்ணெயில் கரையாது. அந்த எண்ணெயில் சுவரொட்டியைப் போட்டு உப்பு, மஞ்சள், மிளகுத்தூள். சின்னத் தீயில் மூடி வைத்து உள்ளே சிவப்பு மறைகிற வரைக்கும் வேகணும், அரைவேக்காடு வேண்டாம். இறக்கி எலுமிச்சை பிழிந்து சாதத்தோடு சாப்பிடுங்க. முதல் தடவை ரெண்டு துண்டு போதும், வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு கூட்டலாம். எங்க வீட்டில் வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை.

பெருங்காயமும் தாராளமாப் போடலாம், பூண்டு இல்லாத குறை தெரியாது.

கோதுமை_விலக்கு:

பெருங்காயத்துக்கு மட்டும் ஒரு குறுக்கீடு. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஐபிஎஸ்ஸுக்கு அந்தச் சிட்டிகை ஒன்றும் செய்யாது. டிடிஜி பாசிட்டிவ் என்று வந்தால் டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்குங்கள்.

கவுன்டர்_அந்தப்பக்கம்:

சுவரொட்டி நல்லது, ஆனால் அதை வைத்து மாத்திரையை ஓரங்கட்டிவிடாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 வரை ஏறணும். 12ஐத் தொட்ட பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள். நடுவில் நிறுத்தியவர்கள் அடுத்த வருஷம் அதே சீட்டோடு கவுன்டருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றுகிற இரும்பு இருக்கிறது, குடலுக்கு வேலையே இல்லை. அயர்ன் சுக்ரோஸ் என்றால் பல தடவை போய் வரணும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒன்றிரண்டு தடவையில் முடியும், விலை கூட. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஏற்றுவார்கள், ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள்.

டாக்டரிடம் போகும்போது மாதவிலக்கு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா?

கரூர்த்தறி:

தைராய்டு இல்லை ஐயா. கால்சியம் உண்டு, ராத்திரி இரும்போடு சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தேன்.

கவுன்டர்_அந்தப்பக்கம்:

அது இரண்டும் ஒன்றாகப் போகக் கூடாது. டாக்டர் சரி என்றால் இரும்பு மதியம், கால்சியம் ராத்திரி.