இமயமலைப் படத்தில் இயல்புப் பிளவு: அச்சுப் பிழையா? அவசரம்

குமரன்: நாளை காலை தேர்வு. குறுக்குவெட்டுப் படத்தில் வரிசையாக உந்துப் பிளவுகள், அதாவது அழுத்தத்தில் மேல்பாளம் மேலே ஏறியவை. ஒன்று மட்டும் இயல்புப் பிளவு, அதாவது மேல்பாளம் கீழே இறங்கியது, என்று போட்டிருக்கிறது. இந்தியத் தட்டு முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மேல்பாளம் எப்படிக் கீழே சரியும்? யாராவது உடனே சொல்லுங்கள்.

பாறைச்செல்வி: எந்தப் பிளவு தம்பி? பெயர் இருக்கிறதா? கிழக்கு மேற்காக ஓடுகிறதா, வடக்கு தெற்காகவா?

சரிவுமானி: பிழை இல்லை. திபெத் பீடபூமி கிழக்கு மேற்காக விரிகிறது. நேபாளத்தின் தக்கோலா பள்ளம் அப்படி இறங்கியதுதான். 2025 ஜனவரியில் திபெத்தின் டிங்ரியை உலுக்கிய நிலநடுக்கமும் இயல்புப் பிளவில் வந்தது. இதையே எழுதிவிடுங்கள்.

பாறைச்செல்வி: அவசரப்படாதீர்கள். அவை வடக்கு தெற்காக ஓடுபவை. தெற்கிலிருந்து வடக்காக வெட்டிய படத்தில் எங்கே தெரியும்? படம் எந்தத் திசையில் வெட்டியது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

கருங்கல்: முதலாண்டுப் பாடத்தைப் புரட்டியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. படத்தில் இருப்பது தென் திபெத் பிரிபிளவு, சாய்வு குறைந்த ஓர் இயல்புப் பிளவு. அதுவும் மைய உந்துப் பிளவும் வடக்கே சாய்பவை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே காலத்தில் இயங்கின. நடுவில் இருந்த உருமாறிய பாறைப் பாளம், விரலிடுக்கில் அழுத்திய ஈரப் புளியங்கொட்டை போலத் தெற்கே பிதுங்கியது. அதன் அடியில் உந்துப் பிளவு. முதுகில் இயல்புப் பிளவு. எவரெஸ்ட் உச்சியின் கடல் சுண்ணாம்புக்கல், அந்த முதுகுப் பிளவுக்கு மேலே கிடக்கும் பாறை.

சரிவுமானி: பிதுங்கல் தீர்ந்த வழக்கா? பாதி உருகிய நடு மேலோடு பாய்ந்தது என்பார் ஒரு சாரார்; பாளங்கள் ஆப்பாக அடுக்கின என்பார் மறு சாரார்.

கருங்கல்: மலையின் முன்பக்கத்தை மழை அரிக்காமல் எந்தப் பாளம் வெளியே வரும்? அரிப்பை விட்டுவிட்டுப் பேசுவது வீண்.

சரிவுமானி: மலை உயர்ந்த பிறகுதானே ஐயா மழை அங்கே முட்டும்? எது முதலில்?

கருங்கல்: பருவமழையின் வரலாற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

குமரன்: தெற்கு வடக்கு வெட்டுதான். பிரிபிளவு என்றே எழுதிக்கொண்டேன். காரகோரம் பிளவையும் கேட்பார்களா?

பாறைச்செல்வி: கேட்கலாம். அது வலப்புறப் பக்கவாட்டுப் பிளவு, அதாவது எதிர்ப்பக்கம் கிடையாக வலப்புறம் நகரும் பிளவு. மானசரோவர் அருகே, குர்லா மாந்தாதா மலையில், அதன் நகர்வில் ஒரு பங்கை ஓர் இயல்புப் பிளவு வாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டுப் பிளவும் இயல்புப் பிளவும் சேர்ந்து இயங்குவதற்கு அதையே உதாரணமாக எழுதுங்கள்.