ரத்தக்காட்டேரிக்குப் பின்னால் உண்மை ஏதும் இருக்கிறதா?

ஊருணிக்கரை:

பிள்ளைத்தாய்ச்சி உச்சி வேளையில் கண்மாய்க் கரைக்குப் போகக் கூடாது. போயே ஆக வேண்டும் என்றால் கையில் இரும்புத் துண்டும் வேப்பிலையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்டேரி ரத்தத்தைக் குடித்துவிடும். காரைக்குடிப் பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்வது வாம்பயர். செத்தவன் குழியிலிருந்து எழுந்து வந்து சொந்தக்காரர்களின் ரத்தத்தைக் குடிப்பான் என்பது அங்கே நம்பிக்கை. இந்தக் கதைகளுக்கு அடியில் உண்மை உண்டா என்று பேசலாம்.

உண்டு என்பது என் கட்சி. பேய் இருக்கிறது என்று சொல்லவில்லை. பேயைப் பற்றிச் சொன்னவர்கள் கண்ணால் பார்த்தது நிஜம் என்கிறேன்.

1725-இல் செர்பியாவில் கிசிலியெவோ என்ற சிற்றூர், அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. பீட்டர் பிளாகோயெவிச் என்பவர் இறந்து பத்து வாரம் கழித்து, எட்டே நாளில் ஒன்பது பேர் இறந்தார்கள். பீட்டர் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான் என்று சாகும் முன் சொன்னார்களாம். குழியைத் தோண்டியே தீர வேண்டும் என்றது ஊர். மேலிடத்து அனுமதி வரட்டும் என்று ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரி சொல்லிப் பார்த்தார். அதுவரை காத்திருந்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டோம், ஊரைக் காலி செய்துவிடுவோம் என்றார்கள். வேறு வழியின்றி அவரும் பாதிரியாரும் உடன் போனார்கள். வாயில் ரத்தம் இருந்தது, பழைய தோல் உரிந்து கீழே புதுத் தோல் தெரிந்தது, முடியும் நகமும் வளர்ந்திருந்தன என்று அவர் அறிக்கை எழுதினார். அது வியன்னாவில் பத்திரிகையில் அச்சானது.

அவர் பார்த்த ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். புதைத்த உடலுக்குள் வாயு சேர்ந்து வயிறு உப்பும். அந்த அழுத்தத்தில் சிவந்த திரவம் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வரும். மேல்தோல் கழன்று உள்தோல் தெரியும். தோல் சுருங்குவதால் முடியும் நகமும் நீண்டது போலத் தோன்றும். வாம்பயரை அடக்க என்று பிணத்தின் நெஞ்சில் கழுமுளையை, அதாவது கூர்மரத்தை, இறக்கும்போது வாயு தொண்டை வழியே வெளியேறினால் முனகல் சத்தமே கேட்கும். அந்த விவசாயிகள் பொய் சொல்லவில்லை.

கோட்டையூரான்:

டீச்சர், உங்கள் விளக்கம் செர்பியாவுக்குப் பொருந்தும். நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்? நகரத்தார் வழக்கம் எரிப்பது. புதைக்கிறவர்களும் பத்து வாரம் கழித்துத் தோண்டிப் பார்ப்பதில்லை. உப்பிய பிணத்தைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்தது என்றால், பிணத்தையே பார்க்காத சீமையில் காட்டேரி எப்படி வந்தது?

பரணிப் பாடல்களில் பேய்கள் போர்க்களத்தில் நிணத்தையும் ரத்தத்தையும் போட்டுக் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. அதற்கு எந்தப் புலவரும் பேயைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ரத்தம் போனால் உயிர் போகும் என்பது ஆடு வெட்டுகிற எந்த ஊருக்கும் தெரியும். உயிரைக் கொண்டு போகிற ஒன்று ரத்தத்தைக் குடிக்கும் என்று நினைப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒவ்வொரு கதைக்குக் கீழும் ஒரு சம்பவத்தைத் தேடுவது வீண் வேலை.

பினாங்குப் பேரன்:

அண்ணே, எரிக்கிற ஊர் என்பது சரி. ஆனால் டீச்சர் தேடிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பாருங்கள்.

எங்கள் ஐயா காலத்து ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, மலாயாவுக்குப் போனவர்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்புவார்கள். அந்த ஊர் மலாய்க்காரர்களின் பெரிய பயம் பொந்தியானாக். கர்ப்பத்தில் அல்லது பிரசவத்தில் இறந்த பெண், ரத்தம் தேடி அலைகிறவள். பிடரியில் ஆணி அடித்தால் அடங்கிவிடுவாள் என்பார்கள். பெனாங்கலான் என்று இன்னொன்று, அது பிள்ளை பெற்ற வீட்டைத் தேடி வரும். வாசலில் முள்செடி கட்டித் தடுப்பார்கள்.

இப்போது நம் பக்கம். காட்டேரி குறிவைப்பது பிள்ளைத்தாய்ச்சியை. பேய் பிடித்தவளின் உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அந்தக் கல் இன்றும் எத்தனையோ சாலை ஓரத்தில் நிற்கிறது. அது கற்பனைக்கு நட்ட கல் இல்லை. உண்மையாகவே ஒரு பெண் செத்திருக்கிறாள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பேய் என்றால், ஒரே சாவைப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரசவ வீடுதான் இந்தக் கதையின் பிறந்த வீடு.

கோட்டையூரான்:

அல்லது கதையும் கப்பல் ஏறிப் போய் வந்தது என்று அர்த்தம், தம்பி. நம் ஆட்கள் போவதற்குப் பல நூறு வருடம் முன்பிருந்தே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போக்குவரத்து உண்டு. ஒற்றுமையைக் காட்டிவிட்டால் காரணத்தைக் காட்டியதாகாது.

செவிலி:

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். பேரன் தம்பி சொன்னதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்கினால்தான் ரத்தக்குழாய்கள் அடைபடும். சுருங்காவிட்டால் திறந்த குழாய் போல ரத்தம் கொட்டும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். சில சமயம் ரத்தம் வெளியே வராமல் கர்ப்பப்பைக்குள்ளேயே தேங்கும். துணியில் பெரிதாகக் கறை இருக்காது. தாய் மட்டும் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டே போவாள். உதடு, நாக்கு, நகக்கண் எல்லாம் வெள்ளைத் துணி நிறம். கை சில்லிட்டு, பேச்சுக் குழறி, பயந்து போய் எதையாவது சொல்லுவாள். அந்தக் காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டாம் கட்டு அறையில் இதைப் பார்த்த ஒரு மருத்துவச்சிக்கும் மாமியாருக்கும் என்ன தோன்றியிருக்கும்? ரத்தத்தை எதுவோ குடித்துவிட்டது என்று நினைக்காமல் எப்படி இருப்பார்கள்?

இன்னொன்று, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு, சாதாரண உதிரப்போக்கைக் கூடத் தாங்காது. இதில் கொக்கிப்புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதத் தோல் வழியே நுழைந்து, குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது கொஞ்சம்தான். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஆள் சோர்ந்து, வெளுத்து, மண்ணைத் தின்னும் ஆசையோடு கிடப்பாள். ரத்தம் குடிக்கும் உயிர் நிஜமாகவே அவளுக்குள் இருந்திருக்கிறது.

முனீஸ்வரன் துணை:

சிஸ்டர் சொல்வதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பெரியவர்கள் இரும்பைக் கையில் கொடுத்தார்கள். நீங்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறீர்கள். கண்மாய்க்கரை ஈர மண்ணுக்குப் போகாதே என்றார்கள். நீங்கள் செருப்புப் போடு என்கிறீர்கள். தெரியாமலா சொன்னார்கள்?

செவிலி:

அண்ணே, உங்கள் பக்திக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், இதை மட்டும் பரப்பாதீர்கள். தலைமாட்டில் வைத்த அரிவாளிலிருந்து உடம்புக்கு ஒரு துளி இரும்பும் ஏறாது. காப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் பரிசோதனைக்கு வராத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அதைக் கண்டுபிடிக்க ஊசிக்குத்து ஒன்று போதும்.

தேவகோட்டைப் பையன்:

யாரும் நோயாளிகளைப் பற்றிப் பேசவில்லையே. போர்ஃபிரியா என்ற நோய் வந்தவர்களுக்கு வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், பல் சிவக்கும். 1985-இல் டேவிட் டால்ஃபின் என்ற கனடா வேதியியலாளர் வாம்பயர் என்பதே இவர்கள்தான் என்றார். 1998-இல் ஹுவான் கோமெஸ்-அலோன்சோ என்ற ஸ்பெயின் நரம்பியல் மருத்துவர் வெறிநாய்க்கடியைச் சொன்னார். கடிக்கும், தூங்காது, தண்ணீரைக் கண்டால் துடிக்கும். 1720-களில் ஹங்கேரியில் வெறிநோய் பரவியதும் வாம்பயர் பீதி கிளம்பியதும் ஒரே காலம்.

ஊருணிக்கரை:

தம்பி, போர்ஃபிரியாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தத் தோல் வேகும் வகை உலகிலேயே மிக அரிது. ஊருக்கு ஊர் பீதி கிளப்பும் அளவுக்கு ஆட்கள் கிடையாது. ரத்தம் குடித்தால் அந்த நோய் தணியவும் தணியாது, குடித்தது வயிற்றில் செரித்துப் போகும். வெயில் பட்டால் வாம்பயர் சாவான் என்பதே 1922-ஆம் வருட ஜெர்மன் மௌனப்படம் ஒன்றில் வந்தது. கிராமத்து வாம்பயருக்கு அப்படி விதி இல்லை. அந்த நோயோடு வாழ்கிறவர்கள் ஏற்கெனவே படும் பாடு போதும். அவர்கள் மேல் இந்தப் பெயரையும் ஒட்டுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வெறிநோய்க் கருத்து அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கிசிலியெவோவில் யாரும் கடிபட்டதாக அறிக்கை சொல்லவில்லை. 24 மணி நேர நோயில் செத்தார்கள். வெறிநோய் அப்படி நடப்பதில்லை.

தேவகோட்டைப் பையன்:

வௌவால்?

ஊருணிக்கரை:

ரத்தம் குடிக்கும் வௌவால் மூன்றே இனம். மூன்றும் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரைதான் இருக்கின்றன. ஐரோப்பியக் கதை முதலில், வௌவாலுக்கு அந்தப் பெயர் வைத்தது அப்புறம். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் முகப்பில் தொங்குபவை பூச்சியோ பழமோ தின்று பிழைக்கிறவை. அவற்றைப் புகை போட்டு விரட்டும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுகுடிப்பட்டி நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது.

கோட்டையூரான்:

இப்போது என் ஆட்சேபணையைக் கேளுங்கள். செர்பியாவில் அழுகல், இங்கே உதிரப்போக்கு, ஹங்கேரியில் வெறிநாய். ஊருக்கு ஒரு காரணம். எந்த ஊரைச் சொன்னாலும் ஒரு நோயை எடுத்துப் பொருத்த முடியும் என்றால், அந்த விளக்கம் எதையும் விளக்கவில்லை.

அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்தில் எக்ஸிடர் என்ற ஊர். தாயையும் ஒரு மகளையும் காசநோய்க்குக் கொடுத்த குடும்பம். 1892 ஜனவரியில் மெர்சி பிரௌன் என்ற 19 வயதுப் பெண்ணும் இறந்தாள். அவள் அண்ணன் எட்வினும் படுக்கையில் கிடந்தான். செத்தவர்களில் யாரோ அவனை உறிஞ்சுகிறார்கள் என்று மார்ச்சில் பிணங்களை எடுத்தார்கள். குளிர்காலத்தில் தரைக்கு மேலே கல்லறை அறையில் வைத்திருந்ததால் மெர்சி உடல் அழுகவில்லை. இதயத்தில் ரத்தம் இருந்தது. கூட இருந்த மருத்துவர் நுரையீரலில் காசநோய் இருக்கிறது, இதில் அதிசயம் இல்லை என்று சொல்லிவிட்டார். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. கேட்டார்களா? இதயத்தை எரித்துச் சாம்பலைக் கலக்கி எட்வினுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் போய்விட்டான்.

உண்மைக் காரணம் எதிரே நின்று பேசியபோதும் அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது குற்றவாளி. செத்தவளைக் குற்றவாளியாக்கினால் எரிப்பதோடு போயிற்று. உயிரோடு இருப்பவளை ஆக்கினால்? சூனியக்காரி என்று பெண்களை அடிப்பதைத் தடுக்க பீகார் 1999-இல் தனிச்சட்டமே போட வேண்டி வந்தது. கதைக்கு அடியில் இருப்பது நோய் இல்லை, பழி சுமத்தும் மனசு. நீங்கள் எல்லாரும் பிணத்தையும் கிருமியையும் ஆராய்ந்துகொண்டு, அந்த மனசை விட்டுவிடுகிறீர்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

முனீஸ்வரன் துணை:

நான் பழி சுமத்துகிறவன் இல்லை. பெரிய வீட்டுக் காவலுக்குப் பட்டாலையில் தனியாகப் படுத்திருந்தபோது நெஞ்சின் மேல் ஒன்று உட்கார்ந்தது. கண் திறந்திருந்தது. கத்த முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. இதைக் கற்பனை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

செவிலி:

கற்பனை என்று சொல்ல மாட்டேன் அண்ணே. அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வது அதுதான். கனவு காணும் தூக்கத்தில் உடம்பு அசையாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். பாரம், மூச்சுத் திணறல், பக்கத்தில் யாரோ இருக்கும் உணர்வு எல்லாம் நிஜமாகவே வரும். மல்லாந்து படுக்கும்போது அதிகம் வரும், தூக்கம் கெட்டாலும் வரும். டீச்சர் எழுதியதில், பீட்டர் மேலே படுத்து நெரித்தான் என்று சொன்னார்கள் இல்லையா? நீங்கள் பட்டது அதுவாகத்தான் எனக்குத் தெரிகிறது.

முனீஸ்வரன் துணை:

வழியைச் சொல்கிறீர்கள். அந்த வழியில் வந்தது யார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சாமி இருக்கிற தைரியத்தில்தான் இன்னும் அங்கே படுக்கிறேன்.

ஊருணிக்கரை:

கோட்டையூர் அண்ணே, பழி சுமத்தும் மனசு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எங்கும் எப்போதும் இருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பீதி ஏன் 1725-இல், ஏன் அந்த ஊரில்? கொத்தாகச் சாவு விழுந்ததால். அந்தச் சம்பவத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1755-இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஜெரார்ட் வான் ஸ்வீட்டனைக் கொண்டு இதை ஆராயச் சொன்னார். உடல் அழுகாமல் இருப்பதற்கு மண்ணும் குளிரும் காற்றுப் புகாமையும் காரணம் என்று அவர் எழுதினார். அதன் பிறகுதான் பிணத்தைத் தோண்டிக் கழுமுளை அடிப்பதற்கு அரசி தடை போட்டார். கண்டதை ஆராய்ந்ததால்தானே தடுக்க முடிந்தது?

கோட்டையூரான்:

தடுத்தது அரசியின் ஆணை. எக்ஸிடரில் விளக்கம் இருந்தது, ஆணை இல்லை.

சரி, பேரன் தம்பிக்கும் சிஸ்டருக்கும் ஒரு சோதனை வைக்கிறேன். பிரசவச் சாவுதான் காட்டேரியைப் பெற்றது என்றால், அந்தச் சாவு குறையக் குறையக் காட்டேரியும் குறைய வேண்டும். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று நீங்கள் சொன்ன அதே கணக்கெடுப்பு சொல்கிறது. பிறகு ஏன் இன்னும் பிள்ளைத்தாய்ச்சி கையில் வேப்பிலை?

பினாங்குப் பேரன்:

வேப்பிலை இருக்கிறது, பயம் இருக்கிறதா அண்ணே? பழக்கம் வேறு, பயம் வேறு. என் அக்கா வேப்பிலையைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானம் ஸ்கூட்டியில் போய் ஸ்கேன் எடுத்து வந்தாள். எங்கள் அப்பத்தா அந்த வேளையில் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்.

கோட்டையூரான்:

உன் அக்கா ஒருத்தி. அது கணக்காகாது.

செவிலி:

நியாயமான கேள்வி ஐயா. மாதாமாதம் பரிசோதனைக்கு வரும் தாய்மார்களிடமும் கூட வரும் மாமியார்களிடமும் தனித்தனியாகக் கேட்கப் போகிறேன்: காட்டேரிக்குப் பயப்படுகிறீர்களா, உங்கள் வீட்டில் பிரசவத்தில் இறந்தவர் உண்டா என்று. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். அடுத்த மாதம் இங்கேயே போடுகிறேன். உங்கள் பக்கம் சாய்ந்தாலும் போடுவேன்.