வேட்டைத் துப்பாக்கியின் பேரலை (குழலை) வீட்டிலேயே வெட்டி ப்ளூயிங் செய்யலாமா?

கேள்வி: பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், லைசென்ஸ் உண்டு. 24 அங்குல பேரல் புதரில் மாட்டுகிறது, 20 ஆக்கலாமா என்று யோசனை. மேலே ப்ளூயிங்கும் (துரு பிடிக்காமல் இருக்க இரும்புக்கு ஏற்றும் கருநீல மேற்பூச்சு) போய்த் துரு திட்டுத்திட்டாகத் தெரிகிறது. இரண்டையும் வீட்டிலேயே முடித்துவிடலாமா?

பதில் 1: வெட்டுவதை விட்டுவிடுங்கள். பல நாடுகளில் அனுமதி இல்லாமல் பேரலைக் குறைப்பதே குற்றம், லைசென்ஸ் இருந்தாலும் சரி. அதோடு குண்டு கடைசியாகத் தொடும் இடம் வாய் விளிம்புதான். அது ஒரு பக்கம் இம்மி சரிந்தாலும் பின்னாலிருந்து சீறும் வாயு குண்டைத் தள்ளிவிடும், குறி போச்சு. லேத் வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அங்குலத்துக்கு வினாடிக்கு 20, 30 அடி வேகம் குறையும், அது பெரிய விஷயமில்லை.

பதில் 2: ப்ளூயிங் வீட்டில் செய்யலாம். பாட்டிலில் வரும் கோல்ட் ப்ளூ (சூடாக்காமல் தடவும் திரவம்) சும்மா ஒட்டுப்போடத்தான், சீக்கிரம் தேய்ந்துவிடும். ரஸ்ட் ப்ளூயிங் பொறுமையான வேலை, ஆனால் நிற்கும்: எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, துருவை வரவைக்கும் கரைசலை மெல்லிசாகத் தடவி, செந்துரு பூத்ததும் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அது வெல்வெட் மாதிரிக் கறுத்துவிடும், அப்புறம் எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வூலால் லேசாகத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து. வெறும் விரல் பட்டால் ரேகை அப்படியே பதியும், கையுறை போடுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, வெட்டுவது மெக்கானிக்கிடம். பேரலின் உள்ளே தண்ணீர் போகாதா?

பதில் 2: இரண்டு பக்கமும் மரக்கட்டையால் அடைத்துவிடுங்கள். முடிந்ததும் உள்ளே எண்ணெய்த் துணி விட்டு இழுக்க மறக்காதீர்கள்.