சஃபோக் பஞ்ச் குதிரைக்குக் காலில் மயிர் ஏன் இல்லை?

சேணம்:
பிரிட்டனின் பாரக்குதிரைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஷயர், கிளைடஸ்டேல் இரண்டுக்கும் குளம்பை மூடுகிற அளவுக்கு மயிர் தொங்குகிறது, சஃபோக் பஞ்சுக்கு மட்டும் கால் மொழுமொழுவென்று இருக்கிறது. பார்க்கிற படங்களில் எல்லாம் ஒரே செம்பழுப்பு நிறம் வேறு. வேண்டுமென்றே அப்படி வளர்த்தார்களா, தானாக அமைந்ததா?

லாடம்:
காலுக்குக் காரணம் மண். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிசுபிசுவென்று ஒட்டும் களிமண். உழுதுவிட்டு வரும்போது அது நீண்ட மயிரில் அப்பிக் காய்ந்தால் கழுவி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், ஈரம் உள்ளேயே தங்கினால் தோலில் புண்ணும் வரும். அதனால் மயிர் குறைந்த காலாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினார்கள். ஷயரும் கிளைடஸ்டேலும் நகரத்தில் சரக்கு வண்டி இழுக்கவும் நிறையப் போயின. இது முக்கியமாக உழவுக்குதான். குட்டைக் கால், அகன்ற மார்பு, எடை ஒரு டன்னைத் தொடும்.

கொள்ளு:
நிறத்துக்கு நான் சொல்கிறேன். இன்றுள்ள எல்லா சஃபோக் பஞ்சுக்கும் தந்தை வழியில் மூதாதை ஒன்றே ஒன்று, 1768-இல் பிறந்த, கிரிஸ்ப் என்பவரின் செம்பழுப்புக் குதிரை. மற்ற வம்சங்கள் காலப்போக்கில் அற்றுவிட்டன. செம்பழுப்பு ஒடுங்கு பண்பு என்பதால், தாயும் தந்தையும் அந்த நிறமாக இருந்தால் குட்டியும் அதுவேதான். வெளியிலிருந்து கலக்காத வரை மாற வழியே இல்லை. அதற்குள்ளேயே வெளிறியதிலிருந்து ஏறக்குறைய ஈரல் நிறம் வரை ஏழு சாயல் சொல்வார்கள், நெற்றியில் சிறு வெள்ளையும் இருக்கலாம்.

சேணம்:
அருமை, இரண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு பொருத்தமான குதிரைக்குக் குறையே கிடையாதா?

லாடம்:
உண்டு. முன்பு குளம்புதான் பலவீனம், உடம்பின் பாரத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. கண்காட்சிகளில் நல்ல பாதத்துக்கென்றே தனிப் போட்டி வைத்து, அதையே பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்தார்கள், எனக்கு இந்த இனத்தில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான். ஆனால் டிராக்டர் வந்ததும் நிலைமை தலைகீழ். 1966-இல் பதிவான குட்டிகள் வெறும் 9. பிறகு கொஞ்சம் மீண்டது, இன்றும் அருகிவரும் இனம்தான். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதால், எந்தப் பெட்டையை எந்த ஆணோடு சேர்ப்பது என்பதை நெருங்கிய உறவு வராமல் வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.